குறிஞ்சிப் பேரினத்தின் டிஎன்ஏ மரம்: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

குறிஞ்சி என்றதும் நம் எல்லோருக்கும் 12 ஆண்டுக்கு ஒருமுறை மலையையே நீலமாக்கும் அந்த ஒரு பூதான் நினைவுக்கு வரும். மூணாறு பக்கம் இரவிகுளத்தில் 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்தது 2030. ஆனால் நீலக்குறிஞ்சி ஒரு பெரிய கூட்டத்தில் ஓர் ஆள்தான். அது சேர்ந்த ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தில் 400-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. மும்பைப் பக்கத்து மலைகளில் 8 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் கார்வியும் அதில் ஒன்று. ஆண்டுதோறும் பூப்பவையும் உள்ளன.

இவற்றில் யாருக்கு யார் நெருங்கிய சொந்தம் என்பது பழைய தகராறு. டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்டு அந்தச் சொந்தத்தைக் கிளை கிளையாக வரைவதுதான் இங்கே நான் சொல்லும் மரம். 1944-ல் பிரேமெகாம்ப் என்ற டச்சுத் தாவரவியலாளர் இந்தக் கூட்டத்தை 50-க்கும் மேற்பட்ட பேரினங்களாக உடைத்துப் போட்டார். 2004-ல் டிஎன்ஏவையும் செடியின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு, அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை நிற்காது, எல்லாவற்றையும் ஒரே பேரினமாக வைப்பதே சரி என்று காட்டியது. அந்த ஆய்வு நம்பியது இரண்டே டிஎன்ஏ பகுதிகளை: உட்கருவிலுள்ள ஐடிஎஸ், பசுங்கணிகத்திலுள்ள டிஆர்என்எல்-எஃப். இன்றும் ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் தொடங்க ஏற்றவை இவையே. கீழே உள்ளதும் பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு கண்ணுக்குத் தெரிகிற இடமும் அது பிறந்த இடமும் இந்த வேலையில் அநேகமாக ஒன்றாக இருக்காது. மரத்தில் தெரிகிற தப்பு மலையில் இலை பறித்தபோதே நடந்திருக்கலாம். அதனால் உங்கள் அறிகுறிக்குரிய பகுதியைப் படித்துவிட்டு, அதற்கு முந்தைய படிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிஎன்ஏ கோந்து மாதிரி வருகிறது, அல்லது பழுப்பாக இருக்கிறது

இரண்டும் வேறு வேறு நோய். கோந்து என்றால் இலையிலுள்ள பல்சர்க்கரைகள் டிஎன்ஏவோடு சேர்ந்து வந்துவிட்டன. பழுப்பு என்றால் இலை மெதுவாகக் காய்ந்திருக்கிறது; ஃபீனால் பொருள்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து டிஎன்ஏவைப் பிடித்துக்கொண்டுவிட்டன.

பழுப்புக்கு மருந்து ஆய்வகத்தில் கொஞ்சம்தான் உண்டு, மலையில் நிறைய உண்டு. சோலைக்காட்டு ஈரத்தில் இலையைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டு மூன்று நாள் கழித்துக் கீழே கொண்டுவந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இளம் இலையாகப் பறியுங்கள். ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள் (ஏன் என்று பின்னால் வரும்). நாலைந்து துண்டாகக் கிழித்துத் தேயிலைப் பை போன்ற காகித உறையில் போட்டு, இலையின் எடையைப் போல் குறைந்தது 10 மடங்கு சிலிக்கா ஜெல்லுக்குள் புதையுங்கள். மறுநாள் மாலை இலை ஒடித்தால் 'சட்'டென்று முறிய வேண்டும். வளைந்தால் சிலிக்காவை மாற்றுங்கள். நிறம் மாறும் மணிகள் ஒரு பிடி கலந்து வைத்தால் ஈரம் ஏறியதை அவையே சொல்லிவிடும். இலை பச்சையாகவே காய்ந்திருந்தால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியும் பழுப்பு வந்தால், இலையிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கும் சிடிஏபி கரைசலில் ஃபீனாலைப் பிடிக்கும் பிவிபியை 2 சதவீதம் வரை ஏற்றுங்கள்; பீட்டா மெர்காப்டோ எத்தனாலை வேலை தொடங்குவதற்குச் சற்று முன்பு, புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துச் சேருங்கள். முந்தைய வாரம் கலந்து வைத்ததற்கு வீரியம் இருக்காது.

கோந்துக்கு இரண்டு வழி. ஒன்று, இடித்த தூளை சிடிஏபி போடுவதற்கு முன் சார்பிடால் கரைசலில் ஓரிரு முறை அலசிக் கொட்டுவது. கோந்து தண்ணீரோடு போய்விடும். டிஎன்ஏ உட்கருவுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். கழுவிய நீர் வழவழப்பில்லாமல் வரும்வரை அலசலாம். இன்னொன்று, சிடிஏபி கரைசலில் வழக்கமாக 1.4 மோலார் இருக்கிற உப்பை 2 மோலாருக்கு மேல் கொண்டுபோவது. உப்பு கூடினால் எத்தனால் ஊற்றும்போது பல்சர்க்கரை கரைந்தே நிற்கும், டிஎன்ஏ மட்டும் கீழே இறங்கும். எனக்கு முதல் வழியில்தான் நம்பிக்கை அதிகம். நேரம் பிடிக்கும், ஆனால் டிஎன்ஏ துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆரில் அந்த நேரம் திரும்பக் கிடைத்துவிடும்.

பழைய உலர்மாதிரியிலிருந்து எதுவும் வரவில்லை

நேரில் கிடைக்காத சிற்றினங்களுக்கு கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் காப்பகம், திருச்சி ராபினாட் காப்பகம் போன்ற இடங்களில் இருக்கும் காய்ந்த மாதிரிகளே கதி. ஓரிரு சதுர சென்டிமீட்டர் இலைதான் எடுக்க விடுவார்கள், அதற்கும் எழுத்து அனுமதி வேண்டும். மாதிரியின் வயதைவிட அது காய்ந்த விதமே முக்கியம். மலையில் ஆல்கஹாலில் நனைத்து வைத்துப் பிறகு காய்ந்ததென்றால் டிஎன்ஏ சிதறியிருக்கும். அதே வயதில் வேகமாகக் காய்ந்து பச்சை மாறாத தாள் நன்றாக வேலை செய்யும். பூச்சிக்காகப் பாதரச உப்பு பூசிய தாள்கள் நிறைய. கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

சிதறிய டிஎன்ஏவிலிருந்து நீளமான துண்டைப் பெருக்க முயன்றால், டிஎன்ஏவைப் பட்டையாகக் காட்டும் ஜெல்லில் எதுவும் தெரியாது. டிஆர்என்எல்-எஃப் பகுதியை சி, எஃப் என்ற இரண்டு பிரைமர்களால் (துண்டின் இரு முனைகளிலும் உட்கார்ந்து பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ இழைகள்) ஒரே மூச்சில் எடுக்காமல், சி-டி, இ-எஃப் என்று இரண்டு பாதியாக எடுங்கள். ஐடிஎஸ்ஸுக்கும் அப்படியே: நடுவிலுள்ள 5.8எஸ் பகுதியில் உட்காரும் பிரைமர்களை வைத்து ஐடிஎஸ்1, ஐடிஎஸ்2 என்று பிரித்துவிடலாம்.

அளவு நன்றாகக் காட்டுகிறது, பிசிஆர் மட்டும் வரவே இல்லை

ஒளி உறிஞ்சலை வைத்து டிஎன்ஏவை அளக்கும் நானோடிராப் கருவியில் 260/280 விகிதம் 1.8 என்று பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். பக்கத்தில் இருக்கும் 260/230-ஐயும் பாருங்கள். அது 2-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 1-க்குக் கீழே இறங்கினால் கோந்தும் ஃபீனாலும் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. அவை டிஎன்ஏவைப் பெருக்கும் டாக் என்சைமை வேலை செய்ய விடாது. தவிர, ஆர்என்ஏவும் 260-ல் ஒளியை உறிஞ்சும். ஆர்என்ஏவை உடைக்கும் ஆர்என்ஏஸ் போடாத மாதிரியில் காட்டும் அளவில் பெரும்பங்கு ஆர்என்ஏவாகவே இருக்கலாம். ஒரு துளியை ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரியும்.

இங்கே எல்லோரும் செய்கிற தப்பு, வரவில்லை என்று இன்னும் அதிக டிஎன்ஏ போடுவது. தடுக்கும் பொருளும் கூடவே அதிகமாகிறது. எதிர்த்திசையில் போங்கள்: 10 மடங்கு, 50 மடங்கு, 100 மடங்கு நீர்த்து மூன்றையும் சேர்த்து ஓட்டுங்கள். பல நேரம் 50-ல் பளிச்சென்று பட்டை வரும். கூடவே பிஎஸ்ஏ என்ற புரதம் கொஞ்சம் சேர்த்தால் தடுப்பான்களை அது பிடித்துக்கொள்ளும். ஐடிஎஸ் மட்டும் அடம்பிடித்தால் 5 சதவீதம் டிஎம்எஸ்ஓ போடுங்கள். அங்கே ஜியும் சியும் அதிகம். இழைகள் தன்மேலேயே மடிந்து கிடக்கும்.

வெறும் தண்ணீர் போட்ட குழாயிலும் பட்டை வருகிறதா? அன்றைய ஓட்டம் முழுவதையும் கழித்துவிடுங்கள். தண்ணீர், பிரைமர், டிஎன்ஏவின் எழுத்துகளாகும் டிஎன்டிபி எல்லாவற்றிலும் புதிய சிறு பங்குகளைத் திறந்து மறுபடி ஓட்டுங்கள். 'மற்ற பட்டைகள் இதைவிடப் பளிச்சென்று இருக்கிறதே' என்று சமாதானம் செய்துகொள்ள வேண்டாம்.

வரிசை தெளிவாக இருக்கிறது, ஆனால் அது குறிஞ்சி இல்லை

பெருக்கிப் படித்த வரிசையை ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் பிளாஸ்ட் செய்து, எதோடு ஒத்துப்போகிறது என்று பார்க்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. ஐடிஎஸ்ஸுக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் பிரைமர்கள் பூஞ்சைகளையும் அதே அன்போடு பெருக்கும். சோலையில் வளர்ந்த இலைக்குள் பூஞ்சை இல்லாமல் இருக்காது. இலையின் மேலேயே பாசியும் ஈரலுருத் தாவரங்களும் ஒட்டி வளரும். அவற்றுக்கும் பசுங்கணிகம் இருப்பதால் டிஆர்என்எல்-எஃப்பில்கூட நுழைந்துவிடும். இலையைத் துடைக்கச் சொன்னது இதனால்தான்.

சீக்கிரம் சரிபார்க்க ஒரு வழி: 5.8எஸ் பகுதிக்குள் பூக்கும் தாவரங்களை அடையாளம் காட்டும் 14 எழுத்துத் தொடர் ஒன்று உண்டு. ஜிஏஏடிடி என்று தொடங்கி ஜிசிஏஜிஏஏடிசிசி என்று முடியும். அது அப்படியே இருந்தால் பெரும்பாலும் பூச்செடி. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் நின்று பாருங்கள்.

எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டைச் சிகரமாக வருகின்றன

வரிசை படிக்கும் கருவி ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சிகரமாக வரையும். எந்த இடத்திலிருந்து இரட்டிக்கிறது என்பதே விடை. முதல் எழுத்திலிருந்தே குழப்பம் என்றால் குழாயில் இரண்டு டிஎன்ஏக்கள் இருக்கின்றன. பூஞ்சையாக இருக்கலாம், பக்கத்துக் குழாயிலிருந்து தெறித்ததாக இருக்கலாம். ஓர் இடம்வரை சுத்தமாக வந்து, அதன்பின் கடைசிவரை இரட்டித்தால் அங்கே ஓரிரு எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. பசுங்கணிகப் பகுதியில் இது நடந்தால், 10-க்கு மேல் ஏ அல்லது டி வரிசையாக நிற்கும் இடத்தில் என்சைம் வழுக்கியிருக்கும். எதிர்முனையிலிருந்து படித்து இரண்டையும் அந்த இடத்தில் சேர்த்துவிடுங்கள், தீர்ந்தது.

மூன்றாவது வகைதான் எனக்குப் பிடித்தது. வரிசை முழுவதும் சுத்தம், ஆங்காங்கே ஐந்தாறு இடத்தில் மட்டும் சம உயரத்தில் இரட்டைச் சிகரம். இதைப் பிழை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐடிஎஸ் ஒரு செடிக்குள் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பிரதிகளாக இருக்கும். வழக்கமாக அவை காலப்போக்கில் ஒன்றுபோல ஆகிவிடும். ஆகாமல் இரண்டு வகை நிற்கிறதென்றால் அண்மையில் இரண்டு சிற்றினங்கள் கலந்திருக்கலாம். அந்த ஐந்தாறு இடங்களிலும் அக்கம்பக்கத்துச் சிற்றினங்கள் இரண்டின் எழுத்துகள் சரியாகக் கூட்டினால் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் குளோனிங் செய்து பிரதிகளைப் பிரித்துப் படிக்கும் செலவு தகும். மென்பொருள் எது உயரமோ அதை எழுதிவிடும். நீங்கள் கையால் திறந்து பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

மரம் சீப்பு மாதிரி வருகிறது

எல்லாக் கிளைகளும் ஒரே கணுவிலிருந்து, பூட்ஸ்ட்ராப் எண்கள் (ஒரு கணுவுக்குத் தரவு எவ்வளவு ஆதரவு தருகிறது என்று 100-க்குக் காட்டுபவை) 50-ஐத் தாண்டவில்லை. முதலில் எந்தப் பகுதியைப் படித்தீர்கள் என்று பாருங்கள். ஆர்பிசிஎல், மேட்கே என்ற பசுங்கணிக மரபணுக்கள் இரண்டும் 2009-ல் உலக அளவில், இனத்தை அடையாளம் காட்டும் தாவரப் பட்டைக்குறியீடாகத் தேர்வு செய்யப்பட்டவை. அதனால் கைக்கு முதலில் வருவது அவைதான். ஒரு பேரினத்துக்குள்ளே சொந்தம் பார்க்க அவை மிக மெதுவாக மாறுகின்றன. குறிஞ்சிகளில் இந்தக் கஷ்டம் இன்னும் அதிகமாக இருக்க ஒரு காரணம் உண்டு. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து மடியும் செடிக்கு ஒரு லட்சம் ஆண்டில் ஏறக்குறைய 8,300 தலைமுறைதான். ஆண்டுச் செடிக்கு அதே காலத்தில் ஒரு லட்சம் தலைமுறை. எழுத்து மாற வாய்ப்பே குறைவு.

எனவே ஐடிஎஸ்ஸோடு வேகமாக மாறும் பசுங்கணிக இடைவெளிப் பகுதிகள் இரண்டு மூன்றைச் சேருங்கள். இன்னும் சீப்பாகவே இருந்தால், உண்மையிலேயே அந்தச் சிற்றினங்கள் குறுகிய காலத்தில் ஒன்றாகப் பிரிந்திருக்கலாம். அப்போது இரண்டு பகுதி போதாது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் வேண்டும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எண்களைப் படிப்பதில் ஒரு சின்ன எச்சரிக்கை: சாதாரண பூட்ஸ்ட்ராப்பில் 70-ஐ ஓரளவு நம்பலாம். ஐக்யூ-ட்ரீ மென்பொருள் தரும் அதிவேக பூட்ஸ்ட்ராப்பில் 95 வந்தால்தான் நம்பலாம். இரண்டையும் ஒரே தராசில் வைத்து '80 வந்திருக்கிறது' என்று எழுதுவது தப்பு.

ஒரே ஒரு மாதிரியின் கிளை மட்டும் நீண்டு கிடக்கிறது

வரிசையைத் தலைகீழாகச் சேர்த்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள், பாதிக்குமேல் அதுதான். வரிசைகளை ஒப்பிட்டு அடுக்கும் மாஃப்ட் மென்பொருளில் திசையைத் தானே சரிசெய்யச் சொல்லும் வசதி இருக்கிறது. இல்லையென்றால் பூஞ்சை. அதுவும் இல்லையென்றால் ஐடிஎஸ்ஸின் செயலிழந்த பிரதி: மாறவே கூடாத 5.8எஸ் பகுதியில் மாற்றங்கள் குவிந்து கிடக்கும்.

ஒரே சிற்றினத்தின் மாதிரிகள் மரத்தில் ஆளுக்கொரு மூலையில்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டு எழுதிய கட்டுரையைத் திருத்துவது கடினம்.

முதல் கேள்வி: எல்லாப் பகுதிகளிலும் அந்த மாதிரி தப்பான இடத்தில் நிற்கிறதா, ஒன்றில் மட்டுமா? ஐடிஎஸ்ஸிலும் டிஆர்என்எல்-எஃப்பிலும் ஒரே தப்பான இடம் என்றால், குழப்பம் டிஎன்ஏ பிரிக்கும்போதோ அதற்கு முன்போ நடந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் என்றால் பிசிஆர் தட்டில் குழாய் மாறியிருக்கலாம். சிலிக்கா உறையில் மீதியிருக்கும் இலையிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பாதி இலையை எப்போதும் மிச்சம் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மறுபடி செய்தும் அதே இடம் வந்தால், செடியின் பெயரே தப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். குறிஞ்சிகளைப் பூவை வைத்துத்தான் உறுதியாகப் பிரிக்க முடியும்: மஞ்சரியின் அமைப்பு, பூவடிச் செதில், மகரந்தத் தாள்களின் எண்ணிக்கை, மகரந்தத் துகளின் மேற்பரப்பு. பூக்காத 11 ஆண்டுகளில் நம் கையில் இருப்பது இலையும் தண்டும் மட்டுமே. ஒரு மாணவி பழனி மலைச் சரிவில் ஒரே புதரென்று நினைத்து எடுத்த மூன்று இலைகள் மரத்தில் இரண்டு இடத்தில் நின்றன. திரும்பப் போய்ப் பார்த்தால் இரண்டு வேறு செடிகள் கிளை பின்னிக்கொண்டு வளர்ந்திருந்தன. அவள் ஒவ்வோர் இலைக்கும் தனி எண், தனிப் படம், இடக்குறிப்பு எடுத்து வைத்திருந்ததால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

எனவே டிஎன்ஏ எடுத்த அதே செடியிலிருந்து ஒரு கிளையை அழுத்திக் காயவைத்துக் காப்பகத்தில் சேர்த்து, அதன் எண்ணை வரிசையோடு எழுதுங்கள். பூ இல்லாத செடியென்றால் உலோக வில்லை கட்டி இடத்தைக் குறித்துவிட்டு வாருங்கள். நீலக்குறிஞ்சி என்று நினைத்து எடுத்ததைச் சரிபார்க்க 2030-ல் மறுபடி ஏற வேண்டியிருக்கும், ஏறத்தான் வேண்டும். சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இதில் எதையும் செய்ய முடியாது. வெளிநாட்டுக் கூட்டாளிக்கு மாதிரி அனுப்புவதானால் சென்னையிலிருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஜென்பேங்கிலிருந்து இறக்கிய வரிசைகளிலும் கவனம் வேண்டும். நீல்கிரியாந்தஸ் சிலியேட்டஸ், ஸ்ட்ரோபிலாந்தஸ் சிலியேட்டா இரண்டும் ஒரே செடிதான். கேரள ஆயுர்வேதத்தில் கருங்குறிஞ்சி. முதல் பெயர் பிரேமெகாம்ப் உடைத்த பேரினத்திலிருந்து வந்தது. பழைய பெயர்களைச் சேர்த்துத் தேடாவிட்டால் பாதி வரிசைகள் விட்டுப்போகும்; சேர்த்துவிட்டுப் பெயர்களை ஒன்றாக்காவிட்டால் ஒரே செடி இரண்டு இனமாக மரத்தில் நிற்கும். காப்பக எண் குறிப்பிடாத வரிசையை நான் சேர்ப்பதில்லை.

வேர் தப்பான இடத்தில் விழுகிறது

வேர் எங்கே என்று காட்ட வெளியிலிருந்து சேர்க்கும் செடியாக, அதாவது வெளிக்குழுவாக, எதை வைத்தீர்கள்? காயத்துக்கு அரைத்துப் பூசும் முறிகூட்டியை ஹெமிகிராஃபிஸ் என்ற வேறு பேரினமாகவே பல புத்தகங்களில் பார்ப்பீர்கள். வெளியாள் என்று நம்பி அதை வைத்தால் வேர் கோணலாகிவிடும். டிஎன்ஏப்படி அது ஸ்ட்ரோபிலாந்தஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆடாதோடையை வைத்தால் ஒரே குடும்பம் என்றாலும் தூரம் அதிகம், ஐடிஎஸ் வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. நடுத்தரமான தூரத்தில் நமக்கு இரண்டு செடிகள் வாசலிலேயே கிடைக்கின்றன: வயலோர நீர்முள்ளி, அப்புறம் தண்ணீர் பட்டதும் காய் வெடிக்கும் அந்தப் பட்டாசுக்காய்ச் செடி. சின்ன வயதில் எச்சில் தொட்டு வெடித்து விளையாடிய அதேதான், ருவேலியா டியூபரோசா. இரண்டையும் சேர்த்தே வையுங்கள்.

ஐடிஎஸ் ஒரு மரம் சொல்கிறது, பசுங்கணிகம் வேறு மரம் சொல்கிறது

முதலில் அந்த முரண்பாட்டுக்கு இரண்டு பக்கமும் வலுவான ஆதரவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மரத்தில் அந்தக் கணுவுக்கு 45 என்றால் அங்கே முரண்பாடே இல்லை, தெரியாமை மட்டும்தான். ஒரே மாதிரி மட்டும் தாவுகிறதென்றால் மேலே சொன்ன குழாய் மாற்றத்தைச் சோதியுங்கள்.

இரண்டு சோதனையும் தாண்டி முரண்பாடு நின்றால், இரண்டு வரிசைகளையும் ஒன்றாக ஒட்டி ஒரே மரம் போடாதீர்கள். ஒட்டினால் எண்கள் அழகாக வரும், வரலாறு காணாமல் போகும். பசுங்கணிகம் பெரும்பாலான பூச்செடிகளில் தாய்வழி மட்டும் வருவது. ஐடிஎஸ் இரண்டு வழியிலும் வருவது. இரண்டு சிற்றினங்கள் ஒரே ஆண்டில் அடுத்தடுத்த சரிவில் பூத்துக் கலந்து, பிள்ளைகள் மறுபடி மறுபடி தந்தை இனத்தோடே சேர்ந்திருந்தால், உடம்பு ஓர் இனமாகவும் பசுங்கணிகம் இன்னோர் இனத்துடையதாகவும் நிற்கும். அப்படியானால் பசுங்கணிக மரம் இனத்தைவிட இடத்தையே பின்பற்றும்: ஒரே மலைச் செடிகள் ஒன்றாகக் கூடும். மாதிரி எடுத்த இடங்களை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

கலப்பே இல்லாமலும் இது நடக்கலாம். மூதாதையிடம் இருந்த இரண்டு வகைகள் பிரிவுக்குப் பிறகும் இரண்டு பக்கமும் கலந்தே தங்கிவிட்டால் மரபணு மரம் இன மரத்தோடு ஒத்துப்போகாது. தலைமுறைகள் குறைவாக ஓடிய செடிகளில் இந்த மிச்சங்கள் தீர நெடுங்காலம் பிடிக்கும். 12 ஆண்டுக் கணக்கு இங்கேயும் வந்து நிற்கிறது. இரண்டு பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு கலப்பா, மிச்சமா என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு மரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து வெளியிடுங்கள்.

பேய்சியன் ஓட்டம் முடிந்தும் ஒத்துவரவில்லை

நிகழ்தகவை வைத்து மரம் போடும் மிஸ்டர்பேய்ஸ் மென்பொருளில், தனித்தனி ஓட்டங்களின் மரங்கள் எவ்வளவு விலகுகின்றன என்று காட்டும் பிளவு வேறுபாடு 0.01-க்குக் கீழ் வர வேண்டும். ஓட்டத்தைச் சோதிக்கும் டிரேசர் மென்பொருளில் ஒவ்வோர் அளவுருவுக்கும் இஎஸ்எஸ் (ஒன்றையொன்று சாராத மாதிரிகளின் எண்ணிக்கை) 200-ஐத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் இன்னும் நீளமாக ஓட விடுங்கள். அப்படியும் இல்லையென்றால் ஒப்புவரிசையில், அதாவது ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கிய வரிசைகளில், குப்பை இருக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் கணுக்கள் தெளியவில்லை

அப்போது முறையை மாற்ற வேண்டும். 2019-ல் கியூ தாவரவியல் பூங்காவினர் வெளியிட்ட ஆஞ்சியோஸ்பெர்ம்ஸ்353 என்ற கருவித்தொகுதி, எந்தப் பூச்செடியிலும் உட்கருவின் 353 மரபணுக்களைத் தூண்டில் போட்டு இழுக்கும். தூண்டிலுக்குச் சின்னத் துண்டுகளே போதும், எனவே பழைய உலர்மாதிரிகளுக்கும் உதவும். கிடைத்ததை ஹைப்பைப்பர் மென்பொருளில் கோர்க்கும்போது 'ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி' என்று எச்சரிக்கும் மரபணுக்களைத் தனியே எடுத்துப் பாருங்கள், தள்ளிவிட அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு மரபணுவுக்கும் தனி மரம் போட்டு ஆஸ்ட்ரல் மென்பொருளில் இன மரமாக்குங்கள். எத்தனை மரபணு எந்தக் கணுவோடு ஒத்துப்போகிறது என்பதையும் எண்ணி எழுதுங்கள். வெளியில் கொடுத்துச் செய்தால் செலவாகும். முதல் தவணைக்கு உங்கள் ஐடிஎஸ் மரத்தில் எந்தக் கணு தெளியவில்லையோ அதைச் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு செடிகளை மட்டும், காப்பக எண் உள்ளவையாகப் பார்த்து அனுப்புங்கள்.